மூச்சு வாங்காத வாக்கியம்

“இன்னொரு தடவை போடுங்க,” என்றாள் அண்ணி, கண்ணை மூடிக்கொண்டு.

மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி செல்போனைத் தொட்டார். அவரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். நடத்துவது என்னவோ பள்ளிக்கூடம் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் காலையில் விட்டுச்செல்லும் பிள்ளைகளை மாலைவரை பார்த்துக்கொள்ளும் சின்னக் காப்பகம். திரையில் அந்தக் காப்பகத்தின் சாத்தியிருந்த கதவு தெரிந்தது. வேறெதுவும் இல்லை. குரல் மட்டும் வந்தது. டீச்சரின் குரல்.

“அழுதா உள்ள போட்டுப் பூட்டிடுவேன். கத்திக் கத்தித் தானா அடங்கட்டும். எனக்கென்ன வந்துச்சு!”

அவ்வளவுதான் வீடியோ. அது ஊரிலுள்ள எல்லாப் பெற்றோர் போனுக்கும் ஒரு சுற்று போய்வந்துவிட்டது.

“நாளைக்குக் காலையில அதிகாரிங்ககிட்ட விசாரணை மேடம்,” என்றார் டீச்சர். “ஒழுங்கா பதில் சொல்லலைன்னா காப்பகத்தை மூடிடுவாங்க. பாதிப் பிள்ளைங்க இப்பவே போயாச்சு. அது கூடப் பரவாயில்ல. என் வீட்டுக்காரரே கேட்கறாரு, ‘ஏதோ கோபத்துல சொல்லிட்டியா’ன்னு. இல்லைன்னு அடிச்சுச் சொன்னேன். அப்புறம் படுத்தா எனக்கே சந்தேகமா இருக்கு. குரல் என்னோடதுதானே? நான்தான் சொல்லியிருப்பேனோ?”

“சந்தேகம் வேணும்னா எங்ககிட்ட வாங்கிக்கலாம் டீச்சர். ஸ்டாக் நிறைய இருக்கு,” என்றான் டவுட்டு.

அண்ணி கண்ணைத் திறந்து ஒரு பார்வை பார்த்தாள். டவுட்டு வாயை மூடிக்கொண்டான்.

டவுட்டு என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். கதவைப் பூட்டிவிட்டுப் படியிறங்கியவன் மறுபடி ஏறிவந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். பாதிப் படியில், இழுத்த இழுப்பில் பூட்டு திறந்துகொண்டிருக்குமோ என்று தோன்றும், திரும்பவும் ஏறுவான். அவனுடைய அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவள்தான் இந்த அண்ணி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் காயங்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவள், அதை விட்டுவிட்டு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தபோது, கொழுந்தனை உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டாள். திறமையைப் பார்த்துச் சேர்த்தாள் என்று டவுட்டு வெளியில் சொல்லிக்கொள்வான். ‘இவன் வீட்டில் இருந்தால் என்னால் நிம்மதியாகக் கதவைப் பூட்ட முடியவில்லை’ என்று அண்ணன் கெஞ்சியது குடும்ப ரகசியம்.

“நீதான் சாயங்காலத்துல போய் சவுண்டு படிக்கிறியே, உனக்கு என்ன தோணுது?” என்றாள் அண்ணி.

டவுட்டுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த அலுவலகத்தில் அவனிடம் யாரும் கருத்து கேட்டதே இல்லை. வீடியோக்களில் இருக்கும் குரலைச் சுத்தம் செய்யவும் கலக்கவும் கற்றுத்தரும் மாலை வகுப்பில் சேர்ந்ததே, என்றைக்காவது ஒரு நாள் இப்படி ஒரு கேள்வி வரும் என்கிற நப்பாசையில்தான். ஹெட்ஃபோனை எடுத்து, வலது இடது சரிபார்த்து, மாட்டி, கழற்றி, மறுபடி சரிபார்த்து மாட்டிக்கொண்டான்.

“முதல் விஷயம் அண்ணி, இது ரொம்பச் சுத்தமா இருக்கு. இருக்கலாம். இல்ல, இருக்கு.”

“சுத்தமா இருந்தா தப்பா?”

“தப்புதான். ஒரு அறையில நின்னு பேசினா ஃபேன், தெரு, ஏதாவது அடியில ஓடிட்டே இருக்கும். இதுல ஒண்ணுமே இல்ல. அதைவிட மோசம், இவங்க மூச்சே வாங்கலை.”

“என்னது?”

“கேளுங்களேன். இத்தனை கத்தல் கத்தறாங்க, நடுவுல ஒரு மூச்சாவது இழுக்க வேண்டாமா? வழிச்சு எடுத்திருக்கான். எடுத்த இடத்துல வெறும் குழி. நல்ல மிக்ஸிங்காரன் மூச்சைத் தொடவே மாட்டான். மனுஷன் பக்கத்துல இருக்கான்கிறதே மூச்சுலதான் தெரியும். இவன் எவனோ அரைவேக்காடு. இவனுக்கெல்லாம் ஆண்டவன் காதை எதுக்குக் குடுத்தான்? கண்ணாடி மாட்டிக்கவா?”

அண்ணி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “காரணமில்லாம யாரும் தரையைக் கழுவ மாட்டாங்க. அங்க என்ன சிந்தியிருந்துச்சுன்னுதான் பார்க்கணும். டீச்சர், உங்க முன்னாடி எப்பவாவது யாராவது மைக் நீட்டியிருக்காங்களா?”

“ஒரே ஒரு தடவை. காப்பகத்துக்கு விளம்பரப் படம் எடுத்தோம். நான் சாப்பாட்டு அறையில உட்கார்ந்து பேசினேன். அதுல இந்தப் பேச்சே இல்ல மேடம், படத்தை நீங்களே பாருங்க. சவுண்டுக்கு வந்தவரு தங்கமான மனுஷன். ஃபேனை நிறுத்தினாரு, ஃப்ரிட்ஜை அணைச்சாரு. திரும்பப் போட மறந்தா பிள்ளைங்க பால் கெட்டுடும்னு, தன்னோட பைக் சாவியைத் தூக்கி அந்த ஃப்ரிட்ஜுக்குள்ளயே வெச்சாரு. கிளம்பறப்ப சாவியைத் தேடினா ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்துடுமாம்.”

டவுட்டு துள்ளி எழுந்தான். “எங்க மாஸ்டர்! எங்களுக்கு அவர் நடத்தின முதல் பாடமே சாவிதான்!”

“ஓஹோ. போன வாரம் நம்ம வீட்டு ஃப்ரிட்ஜுல, தயிருக்குப் பக்கத்துல உன் சாவி கிடந்துச்சே, அது படிப்பா? உங்கண்ணன் உன்னை டாக்டர்கிட்ட காட்டலாமான்னு கேட்டுட்டு இருந்தாரு. கிளம்பு.”

---

மாஸ்டரின் ஒலிக்கூடம் ஒரு மரச்சாமான் கடைக்குப் பின்னால் இருந்தது. முன்னறையில் கம்ப்யூட்டர், ஸ்பீக்கர்கள், வகுப்புக்கான நாற்காலிகள். உள்ளறை பேசிப் பதிவு செய்வதற்கு. சுவரெல்லாம் சாம்பல்நிறப் பஞ்சு ஒட்டி, நடுவில் ஒரு கண்ணாடிச் சன்னல். வகுப்பு தொடங்க இன்னும் நேரம் இருந்தது. கழுத்தில் ஹெட்ஃபோன் தொங்க, மாஸ்டர் ஒரு கம்பியை வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். டீச்சரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வாங்க டீச்சர்! ஃப்ரிட்ஜ் ஓடுதா?”

“ஃப்ரிட்ஜ் ஓடுது மாஸ்டர். எனக்குத்தான் எதுவும் ஓடலை.”

அண்ணி விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். மாஸ்டர் அந்த வீடியோவைப் பார்த்ததே இல்லையாம். போனை வாங்கிக் கம்ப்யூட்டரில் இணைத்துப் பெரிய ஸ்பீக்கரில் போட்டார். ஒரே தடவைதான். கேட்டு முடித்ததும் நாற்காலியைத் திருப்பி டவுட்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இது யார் கைவேலைன்னு எனக்குத் தெரியும்,” என்றார் அண்ணியிடம். “என் ஸ்டூடன்ட்தான்.”

“நம்ம கிளாஸா!” டவுட்டு கொதித்துப்போனான். “எந்தக் கழுதை மாஸ்டர்? ஆளை மட்டும் காட்டுங்க. காதைப் பிடிச்சுத் திருகறேன்.”

“ஒரு காதா, ரெண்டு காதா?” என்று கேட்டாள் அண்ணி. அவள் குரலில் ஒரு மாதிரியான இரக்கம் இருந்தது. பொய்க் காயக்காரர்களிடம் கட்டை அவிழ்க்கச் சொல்வதற்கு முன்னால் அவள் இப்படித்தான் பேசுவாள் என்று டவுட்டு கேள்விப்பட்டிருந்தான்.

“தம்பி,” என்றார் மாஸ்டர், “இந்த கிளாஸ்ல மூச்சை வழிச்சு எடுக்கிறவன் ஒருத்தன்தான். மூச்சு அழுக்கு இல்லடா, அழுக்கு இல்லடான்னு நானும் தொண்டை வத்தக் கத்திட்டேன்.”

டவுட்டின் கை தானாகப் போய் அவனுடைய காதை மூடிக்கொண்டது.

“நீங்களா தம்பி?” என்றார் டீச்சர். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பான். அவர் மெதுவாகக் கேட்டார்.

விஷயம் மாஸ்டர் வாயிலிருந்து வந்தது. படம் எடுப்பதற்கு முன்னால், ஃப்ரிட்ஜை அணைப்பதற்கும் முன்பே, மைக் எவ்வளவு சத்தம் தாங்குகிறது என்று பார்ப்பது வழக்கம். பதற்றத்தில் டீச்சர் முணுமுணுவென்று பேசினார். அவரைத் தளர்த்துவதற்காக மாஸ்டர், ‘இருக்கிறதிலேயே கொடுமையான ஆயா எப்படிப் பேசுவாங்க, உரக்கப் பேசிக் காட்டுங்க’ என்று கேட்டார். டீச்சர் பேசிக் காட்டினார். படத்துக்குத் தேவைப்படாத அந்தத் துண்டைத்தான் மாஸ்டர் வகுப்பில் வீட்டுப்பாடமாகக் கொடுத்திருந்தார்: ஃப்ரிட்ஜ் உறுமலை எடு, என் குரலை எடு, சிரிப்பை எடு, பெண்குரல் மட்டும் நிற்கட்டும்.

“உங்களைக் கேட்காம குடுத்திருக்கக் கூடாது டீச்சர். என் தப்புதான். வெறும் மைக் டெஸ்ட்தானேன்னு நினைச்சுட்டேன்.”

“மைக் மாட்டினதும் எனக்குக் கைகால் ஓடலை மாஸ்டர். என்ன பேசினேன்னு இப்ப நீங்க சொல்றப்பகூட ஞாபகம் வரலையே.”

அண்ணி கொழுந்தன் பக்கம் திரும்பினாள். “அவங்களுக்கு மறந்துபோச்சு, சரி. உனக்கு? இதே வார்த்தையை வெச்சுக்கிட்டு ராப்பகலா உருட்டியிருக்க. இன்னிக்கு ஆபீஸ்ல ஏதோ புதுசா கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தியே?”

“வார்த்தையைக் கேட்கக் கூடாது அண்ணி. அதுதான் பாடம். வார்த்தையைக் கேட்டா அடியில ஓடற இரைச்சல் காதுல விழாது. நான்… நான் இரைச்சலை மட்டும்தான் கேட்டேன்.”

“பாடத்தை நல்லாவே படிச்சிருக்க.”

டவுட்டு மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். அரைவேக்காடு என்று சொன்னது யார்? நான். கழுதை? நானேதான். ஆண்டவன் காது கொடுத்தது எதற்கு என்று கேட்டதும் நான்தான். துப்பறியும் தொழிலில் கருத்துச் சொன்ன முதல் நாளே குற்றத்துக்குக் கூட்டாளியைப் பிடித்துவிட்டான். பிடிபட்டது அவனே என்று இல்லாமல் இருந்திருந்தால் அண்ணி தட்டிக்கொடுத்திருப்பாள்.

“மாஸ்டர், அந்த மைக் டெஸ்ட் முழுசா உங்ககிட்ட இருக்கா?” என்றாள் அண்ணி.

“படம் கைமாறினதும் எல்லாத்தையும் அழிச்சுடுவேன் மேடம். பாடத்துக்கு எடுத்ததையும் போன மாசம் துடைச்சுட்டேன். இவன் ஒப்படைச்ச சுத்தப்படுத்தின துண்டு மட்டும்தான் மிச்சம்.”

“சரி. டவுட்டு, அந்தச் சுத்தப்படுத்தின துண்டை வேற யாருக்குக் குடுத்த?”

“பக்கத்து நாற்காலி அண்ணனுக்கு.”

வகுப்பில் அவனுக்குப் பக்கத்தில் உட்காரும் நடுவயது மனிதர். டவுட்டின் வேலையை இதுவரை பாராட்டிய ஒரே ஜீவன். ‘தலைவா, என்ன சுத்தம்! வீட்டுல போய் நிதானமா கேட்கறேன், குடேன்’ என்று அவர் கேட்டபோது, டவுட்டு அன்றைக்குச் சாப்பிடாமலேயே வயிறு நிறைந்து தூங்கினான். வாழ்க்கையில் கிடைத்த ஒரே ரசிகன்.

“அவரா?” மாஸ்டர் நெற்றியைச் சுருக்கினார். “வீட்டம்மா புதுசா பிள்ளைங்க காப்பகம் ஆரம்பிச்சிருக்காங்க, அதுக்கு வீடியோ பண்ணத்தான் சவுண்டு கத்துக்க வந்தேன்னு சேர்றப்ப சொன்னாரு.”

டீச்சர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்க தெருமுனையில புதுசா ஒண்ணு வந்திருக்கு. என்கிட்டேயிருந்து போன பிள்ளைங்க எல்லாம் அங்கதான் இருக்கு.”

“இதெல்லாம் நமக்குத் தெரியுது,” என்றாள் அண்ணி. “நாளைக்கு விசாரணையில, ‘இது மைக் டெஸ்ட்டுக்கு விளையாட்டா பேசினது’ன்னு சொன்னா நம்புவாங்களா? அவங்க கேட்கிற மாதிரி ஏதாவது வேணும். அசலும் போச்சு. உன்கிட்டயாவது இருக்கா டவுட்டு?”

“அசலு மேலயே வேலை பண்ணி, அதுமேலயே சேமிச்சுட்டேன் அண்ணி.”

“கேட்டிருக்கவே வேண்டாம்.”

“ஆனா…” டவுட்டு தயங்கினான். சொல்ல வெட்கமாக இருந்தது. “குப்பை இருக்கு.”

“என்ன குப்பை?”

“நான் எதை எடுத்தாலும், ஐயோ வேண்டியதை எடுத்துட்டேனோன்னு பயம் வந்துடும். அதனால எடுத்ததையெல்லாம் தனியா வேற ஒரு டிராக்ல, எங்கேயிருந்து எடுத்தேனோ அதே இடத்துல போட்டு வெச்சுடுவேன். உறுமல், மூச்சு, சிரிப்பு, எல்லாம். ‘வேண்டாததாக இருக்கலாம்’னு பேர் வெச்சிருக்கேன்.”

மாஸ்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “இத்தனை வருஷத்துல அழுக்கைப் பத்திரப்படுத்தி வெச்ச முதல் ஆள் நீதான்டா. எங்க, எடு.”

டவுட்டு தன் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தான். ஊரெல்லாம் சுற்றும் வீடியோவின் குரலை மாஸ்டர் மேல் டிராக்கில் வைத்தார். கீழ் டிராக்கில் குப்பையை வைத்தார். மேலே பள்ளமாக இருந்த இடத்திலெல்லாம் கீழே ஒரு மேடு இருந்தது. லேசாக நகர்த்திப் பொருத்திவிட்டு இரண்டையும் சேர்த்து ஓடவிட்டார்.

முதலில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் உறுமியது. பிறகு மாஸ்டரின் குரல்: ‘பத்தலை டீச்சர், இன்னும் கொடுமையா, மைக் பயப்படணும்!’ ஒரு பெரிய மூச்சு. ‘அழுதா உள்ள போட்டுப் பூட்டிடுவேன்.’ மூச்சு. ‘கத்திக் கத்தித் தானா அடங்கட்டும்.’ அடக்கமுடியாத சிரிப்பு மூக்கு வழியாகக் கொஞ்சம் தப்பியது. ‘எனக்கென்ன வந்துச்சு!’ அப்புறம் அணை உடைந்தமாதிரி ஒரு சிரிப்பு. ‘ஐயையோ மாஸ்டர், என்னைப் பார்த்து எனக்கே பயமா இருக்கு! பிள்ளைங்க தூங்குதுங்க, மெதுவா, மெதுவா…’

எல்லா மூச்சும் அதனதன் குழியில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒன்றுகூட மிஞ்சவில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். “இதுதான் நான்,” என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. “இதுதான் மேடம் நான்.”

வெளியே படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, “அவருதான். எப்பவும் முதல் ஆளா வந்துடுவாரு,” என்று கிசுகிசுத்தார்.

அண்ணி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. டீச்சரை உள்ளறையில் விட்டு விளக்கை அணைத்தாள். “டவுட்டு, இப்ப சேர்த்ததை அவருக்குப் போட்டுக் காட்டு. நீ எதுவும் சொல்லாதே. உன்னால முடியும்.”

“முடியும்னு நினைக்கிறீங்க?”

“நினைக்கலை. வேற வழி இல்ல.”

பக்கத்து நாற்காலி சிரித்த முகமாக வந்தார். “தலைவா! வணக்கம் மாஸ்டர்! புதுசா ஏதாவது பண்ணியா தலைவா?”

“எங்க அண்ணி. கிளாஸ்ல சேரலாமான்னு பார்க்க வந்திருக்காங்க,” என்றான் டவுட்டு. சொன்ன பிறகுதான், தன் வாய் இத்தனை அழகாகப் பொய் சொல்லும் என்று அவனுக்கே தெரிந்தது. “பழைய வீட்டுப்பாடத்தைத்தான் மறுபடி எடுத்துப் பண்ணினேன். கேட்டுப் பாருங்க.”

அவர் ஆசையாக ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். டவுட்டு ஓடவிட்டான். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது; ஆனால் அதைப் பிடித்துக்கொண்டிருந்தவர் உள்ளேயிருந்து கிளம்பிப் போய்விட்ட மாதிரி இருந்தது. மெதுவாக ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

“இதை வேற யாருக்காவது குடுத்தியா தலைவா?”

“ஆச்சரியமா இருக்குங்க,” என்றாள் அண்ணி. “ஊரே பேசிட்டிருக்கிற குரல் இது. உங்க தெரு டீச்சர் குரல். சும்மா இருக்கிறவங்க யார் கேட்டாலும், ‘அட, இது அந்தப் பொம்பளையாச்சே, இது எப்படி இங்க வந்துச்சு’ன்னுதான் முதல்ல கேட்பாங்க. நீங்க மட்டும், யாருக்குக் குடுத்தன்னு கேட்கறீங்க.”

அவர் டவுட்டைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். வாசலில் மாஸ்டர் போய் நின்றுகொண்டார்.

“அவங்க அப்படிச் சொன்னது உண்மைதானே? நான் ஒரு வார்த்தை சேர்க்கலை, ஒரு வார்த்தை மாத்தலை.”

“நீங்க எதுவுமே மாத்தலை அண்ணே,” என்றான் டவுட்டு. “நீங்க செய்ய வேண்டியதையெல்லாம் நானே செஞ்சு குடுத்திருக்கேன். நாளைக்கு அங்க வந்து அதைச் சொல்லப்போறேன்.”

உள்ளறைக் கதவு திறந்தது. டீச்சர் வந்து அவர் முன்னால் நின்றார். கத்துவார், சபிப்பார் என்றுதான் டவுட்டு எதிர்பார்த்தான்.

“உங்க இடத்துல பிள்ளை அழுதா என்ன பண்றீங்க?” என்று கேட்டார் டீச்சர்.

பக்கத்து நாற்காலி விழித்தார். “எனக்கு அதெல்லாம் தெரியாது. உள்ள பார்த்துக்கிறது என் சம்சாரம்.”

“இந்த வீடியோ விஷயம் அவங்களுக்குத் தெரியுமா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “தெரியாது. அவகிட்ட சொல்லிடாதீங்க.”

“நம்பர் குடுங்க.”

“டீச்சர், தயவுசெஞ்சு…”

“குடுங்க,” என்றாள் அண்ணி.

டீச்சர் எண்ணை அழுத்தி மேஜையில் போனை வைத்தார். ஸ்பீக்கரில் மணி அடித்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விசாரணை, காப்பகம், ஊர்ப் பேச்சு எல்லாவற்றையும் டீச்சர் இப்போது ஒரே மூச்சில் கொட்டப்போகிறார் என்று டவுட்டு நினைத்தான். கொட்டட்டும் என்றும் நினைத்தான்.

“ஹலோ, யாருங்க?” என்றது ஒரு பெண்குரல், மூச்சிரைக்க. அதற்குப் பின்னால் ஒரு குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. “சீக்கிரம் சொல்லுங்க, இங்க ஒருத்தன் மத்தியானத்துலேயிருந்து அடங்கவே மாட்டேங்கறான்.”

பேச வாயெடுத்த டீச்சர் நிறுத்திக்கொண்டார். தலையைச் சாய்த்து அந்த அழுகையைக் கேட்டார். அது அவருக்குப் பழகிய அழுகை.

“அவன் தூக்கத்துக்கு அழறான்மா,” என்றார். “வலது தோள்ல சாய்ச்சுக்கிட்டு நடங்க, இடதுல போட்டா தூங்க மாட்டான். முதல்ல போய்த் தூக்குங்க. நான் லைன்லயே இருக்கேன்.”